நீறு பூத்த நெருப்பு: நட்பு காதலாகக் கனியும் நாவல்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குறுந்தொகையின் 229ஆம் பாட்டு மோதாசானார் பாடியது. ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வீட்டைவிட்டு உடன்போக்காகப் பாலை வழியில் நடக்கிறார்கள். எதிரே வருகிறவர்கள் அவர்களைப் பார்த்துத் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். சிறுவயதில் இவன் இவளுடைய கூந்தலைப் பிடித்து இழுப்பான். இவள் இவனுடைய தலைமயிரைப் பற்றி இழுத்துவிட்டு ஓடுவாள். செவிலியர் விலக்கினாலும் அந்தச் சின்னச் சண்டை ஓயாது. அந்த இருவர்தான் இன்று இணைத்துத் தொடுத்த பூமாலைபோல் போகிறார்கள். இவர்களைச் சேர்த்துவைத்த ஊழே, நீ நல்லாய் என்று வாழ்த்துகிறார்கள்.

அந்தப் பாட்டில் காதலர் இருவரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் பார்த்தவர்கள். கூந்தல் இழுபட்ட நாளையும் கைகோத்து நடக்கும் நாளையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்த மகிழ்ச்சி வாய்க்கும். இடையில் வந்து பார்த்தவருக்கு அது யாரோ இருவர் நடந்துபோகும் காட்சி, அவ்வளவுதான்.

நெடுநாள் நண்பர்கள் மெதுவாகக் காதலர் ஆகும் நாவல்களில் நமக்குக் கிடைக்கும் இடமும் அந்தக் கண்டோரின் இடமே என்று நான் நம்புகிறேன். ஆங்கில வாசகர்கள் இவ்வகையை ‘ஸ்லோ பர்ன்’ என்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான தொடர் இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. கதையில் இருப்பவர்களுக்குச் சாம்பல் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பார்க்கிற நமக்குச் சூடு தெரிகிறது. அந்த இடத்தில் போய் எப்படி உட்காருவது என்பதே இந்த வழிகாட்டி. கதைகளின் முடிவுகளைச் சொல்லித்தான் விளக்க முடியும். இவ்வகை நாவல்களில் முடிவு தெரிந்திருப்பது இழப்பாவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் படி: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் தொடங்குங்கள். 1815 டிசம்பரில் மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்த நாவல் அது. காப்புரிமை என்றோ முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கதை எளிது. ஹைபரி என்ற ஊரில் வசதியான வீட்டுப் பெண் எம்மா வுட்ஹவுஸ். வயது இருபத்தொன்றை நெருங்குகிறது. தாய் இல்லை. தந்தை எதற்கெடுத்தாலும் உடல்நலக் கவலை கொள்கிறவர். எம்மாவின் அக்காள் கணவருக்கு அண்ணன் ஜார்ஜ் நைட்லி. ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில் டான்வெல் பண்ணையின் உரிமையாளர். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது. வீட்டு மனிதர்போல் வருவார், பேசுவார், எம்மாவுடன் வாதாடுவார், போவார். எம்மாவின் குறைகளைக் காண்கிற சிலரில் ஒருவர்; அவற்றை அவளிடமே சொல்கிற ஒரே ஒருவர். முதல் அத்தியாயமே இதைச் சொல்லிவிடுகிறது. கடைசியில் இவர்கள் திருமணம் செய்துகொள்கிறார்கள்.

பதினாறு வயது இடைவெளி இன்றைய வாசகரை உறுத்தும். என்னையும் உறுத்துகிறது. அவர் அறிவுரை சொல்லும் தொனியில் சில இடங்களில் எரிச்சலும் வரும். அதை மறைத்துக்கொண்டு வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வதெல்லாம் சரி என்று நாவல் வைக்கவில்லை. எம்மாவின் தோழி ஹேரியட்டைப் பற்றி அவர் முதலில் வைத்திருந்த மதிப்பீடு தவறு என்று பிற்பாடு அவரே எம்மாவிடம் ஒப்புக்கொள்கிறார். இருவரும் மாறுகிறார்கள், இருவரும் திருத்தப்படுகிறார்கள். அது இல்லாவிட்டால் நான் இந்த நாவலைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

தொடக்கத்துக்கு இதையே சொல்வதற்கு இன்னொரு காரணம், கதை கிட்டத்தட்ட முழுவதும் எம்மாவின் மனத்துக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது என்பது. அவள் காணாததை நாமும் காணாமல் போகக்கூடும். எல்லாத் தடயங்களும் நம் கண்முன்னால்தான் கிடக்கின்றன. ஆனால் அவற்றின்மீது எம்மாவின் தவறான விளக்கம் ஒட்டியிருக்கிறது. அந்த விளக்கத்தை உரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் இவ்வகையில் எந்த நாவலையும் வாசிக்கலாம்.

இரண்டாம் படி: வேகத்தை முடிவுசெய்யுங்கள்

ஐம்பத்தைந்து அத்தியாயங்கள். நாளுக்கு இரண்டு போதும். ஒரு மாதத்தில் முடியும். விடுமுறையில் ஒரே மூச்சாக வாசித்து முடிக்கிற பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இவ்வகை நாவலுக்கு அது ஒத்துவராது. நட்பு நம்முள்ளும் நாள்பட ஊற வேண்டும். நைட்லி வருவார் என்று நாமே எதிர்பார்க்கத் தொடங்கும்வரை, அவர் வராத அத்தியாயத்தில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும்வரை, அவர்மீது எம்மாவுக்கு இருக்கும் உரிமை உணர்வு நமக்குப் புரியாது.

முதல் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் சிரமம் தரும். வாக்கியங்கள் நீளம். தேநீர் விருந்துகள், உடல்நல விசாரிப்புகள், மழை வருமா என்ற பேச்சு. தாண்டிப் போகாதீர்கள். மிஸ் பேட்ஸ் என்ற ஏழை முதிர்கன்னி பக்கம் பக்கமாகப் பேசுவாள். அவள் பேச்சைக்கூடத் தாண்டாதீர்கள். எம்மாவுக்கு வந்த அதே சலிப்பு நமக்கும் வந்திருந்தால்தான் பின்னால் நடக்கும் ஒரு நிகழ்ச்சி நம்மையும் சேர்த்துச் சுடும்.

மூன்றாம் படி: ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

என் புத்தகத்தின் பின்னட்டைக்குள் நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முதல் வாசிப்பில் அதில் இரண்டே வரிகள் இருந்தன. மூன்றாம் வாசிப்பு முடிந்தபோது தாள் போதவில்லை. என்ன எழுதுவது என்று கேட்டால், இருவரில் ஒருவர் மற்றவரை நோக்கித் தேவைக்கு மேல் செய்த எதையும் எழுதுங்கள். தேவைக்கு மேல் கோபம், தேவைக்கு மேல் அக்கறை, தேவைக்கு மேல் ஒரு நொடி மௌனம். நண்பர்களுக்குள் வழக்கமான அளவு என்று ஒன்று இருக்கும். அந்த அளவு எங்கே மீறப்படுகிறது என்பதே தடயம்.

சில இடங்களைக் காட்டுகிறேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் எம்மா இல்லை. அவளை வளர்த்த ஆசிரியையான திருமதி வெஸ்டனும் நைட்லியும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் குறைகளை அடுக்குகிறார். அவள் அழகைப் பற்றிக் கேட்டதும், அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும் என்கிறார். பிறகு, எம்மா யாரையேனும் காதலித்து, அந்தக் காதல் திரும்பக் கிடைக்குமா என்ற ஐயத்தில் தவிப்பதைப் பார்க்க வேண்டும் என்கிறார். குறை சொல்லவந்த மனிதர் இதையெல்லாம் எதற்கு யோசித்து வைத்திருக்கிறார் என்று அந்த இடத்தில் நின்று கேளுங்கள்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் ஃப்ராங்க் சர்ச்சில் என்ற இளைஞனைப் பற்றிய பேச்சு வருகிறது. நைட்லி அவனைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவனைப் பற்றி அவர் காட்டும் எரிச்சல் அளவுகடந்தது. இவ்வளவு பரந்த மனம் உடையவருக்கு இது தகாதே என்று எம்மா வியக்கிறாள். அவள் வியப்பதோடு அத்தியாயம் முடிகிறது. காரணத்தை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எம்மாவின் பக்கத்துத் தடயம் எனக்கு இன்னும் பிடித்தது. இருபத்தாறாம் அத்தியாயத்து விருந்தில், மிஸ் பேட்ஸையும் அவளுடைய சகோதரி மகள் ஜேனையும் அழைத்துவர நைட்லி தம் வண்டியைக் கொடுத்ததை வைத்து, அவருக்கு ஜேன்மீது விருப்பம் இருக்குமோ என்று திருமதி வெஸ்டன் ஊகிக்கிறாள். எம்மா பதறுகிறாள். நைட்லி திருமணம் செய்யவே கூடாது, செய்தால் டான்வெல் சொத்து என் அக்காள் மகன் ஹென்றிக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்கிறாள். அந்தக் காரணத்தை அவள் உண்மையாகவே நம்புகிறாள். இறுதியில் தானே அவரை மணக்கவிருக்கும்போது, சின்ன ஹென்றியின் சொத்துரிமை ஒருமுறையும் தன் நினைவுக்கு வரவில்லையே என்று அவளுக்கே சிரிப்பு வருகிறது. இருபத்தைந்து அத்தியாயங்கள் கழித்து வரும் அந்தச் சிரிப்புக்காகவே பட்டியலில் முதல் வரியை எழுதி வைத்திருக்க வேண்டும்.

பிறகு முப்பத்தெட்டாம் அத்தியாயத்து நடன இரவு. ஊர்ப் பாதிரியார் வேண்டுமென்றே ஹேரியட்டுடன் ஆட மறுத்து அவளை அவமதிக்கிறார். அதுவரை ஆடாமல் ஒதுங்கி நின்ற நைட்லி வந்து அவளை அழைத்துப்போய் ஆடுகிறார். எம்மாவின் மனம் நன்றியால் நிறைகிறது. கடைசியில் அவர், நீ யாருடன் ஆடப்போகிறாய் என்று எம்மாவைக் கேட்கிறார். நீங்கள் அழைத்தால் உங்களுடன் என்கிறாள். நாம் ஒன்றும் அண்ணன் தங்கை அல்லவே, ஆடினால் தவறில்லை என்றும் சொல்கிறாள். அவர் பதில் சுருக்கமானது: அண்ணன் தங்கையா, இல்லவே இல்லை. அவ்வளவுதான். அடுத்த அத்தியாயம் வேறு நாள். அந்த நடனம் எப்படி இருந்தது என்றுகூட ஆஸ்டின் எழுதவில்லை. நாவலின் நடுக்கோடு அந்த ஒரு மறுப்பில் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

அதன்பின் பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணம். விளையாட்டாக ஒவ்வொருவரும் ஒரு புத்திசாலித்தனமான பேச்சோ, மூன்று மந்தமான பேச்சோ பேச வேண்டும் என்று ஃப்ராங்க் அறிவிக்கிறான். மூன்று மந்தமானவை எனக்குச் சுலபம் என்று மிஸ் பேட்ஸ் தன்னைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல, ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்துவதுதான் உங்களுக்குக் கடினம் என்று எம்மா குத்திவிடுகிறாள். எல்லோர் முன்னாலும். வண்டி ஏறும் நேரத்தில் நைட்லி அவளிடம் வந்து, அவள் ஏழை, வாழ்ந்து கெட்டவள், நீ செய்தது தவறு என்கிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மா அழுகிறாள். காதலைச் சொல்லாத ஒருவர், இதைச் சொன்னால் அவள் தம்மை வெறுக்கக்கூடும் என்று தெரிந்தே சொல்கிறார். மறுநாள் எம்மா மன்னிப்பின் அடையாளமாக மிஸ் பேட்ஸ் வீட்டுக்குப் போய்வந்ததை அறிந்ததும், அவள் கையைப் பற்றுகிறார். உதட்டருகே கொண்டுபோகும் நேரத்தில் சட்டென்று விட்டுவிடுகிறார். முதலில் கை நீட்டியது யார் என்று எம்மாவுக்கே தெரியவில்லை. ஏன் விட்டுவிட்டார் என்றும் தெரியவில்லை.

மெதுவாகக் கனியும் கதையில் ஒரு கை பற்றப்பட்டு விடப்படுவதற்கு இவ்வளவு எடை எங்கிருந்து வருகிறது? நாற்பத்துநான்கு அத்தியாயங்கள் அதற்குள் இருக்கின்றன. வேறு வகை நாவலில் மூன்றாம் பக்கத்தில் வரும் முத்தத்துக்கு இந்த எடை வராது.

தமிழில் வாசிப்பவர்களும் எழுதுபவர்களும் கவனிக்க ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பிரிவு இல்லை. எம்மா ‘மிஸ்டர் நைட்லி’ என்கிறாள், அவர் ‘எம்மா’ என்கிறார். அதிலிருந்துதான் தொலைவை ஊகிக்க வேண்டும். நமக்கு ஒவ்வொரு வினைமுற்றிலும் தொலைவு தெரிந்துவிடும். நண்பனை வாடா போடா என்று அழைத்தவள் ஒருநாள் காரணமில்லாமல் பெயர் சொல்லி அழைத்தால், தமிழ் வாசகருக்கு அது ஒரு முழு அத்தியாயத்துக்குச் சமம். தமிழில் நட்புக் காதல் கதை எழுதுகிறவர்கள் இந்தச் செல்வத்தைக் கைவிடக் கூடாது.

நான்காம் படி: ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேளுங்கள்

அந்நியர்கள் காதலிக்கும் கதையில் தடை பெரும்பாலும் வெளியே இருக்கும்: குடும்பம், சாதி, பணம், தூரம். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் வரும் இருவரும் முன்பின் அறியாதவர்கள். செம்மண்ணில் விழுந்த மழைபோல் நெஞ்சம் கலந்துவிடுகிறது. அவர்களிடம் இழப்பதற்கு முன்பு எதுவும் இல்லை. நண்பர்களிடம் இருக்கிறது. சொல்லி, அது மறுக்கப்பட்டால், நாளை மாலை வழக்கமான நேரத்தில் வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார முடியாது. சொல்லாமல் இருப்பதற்கான காரணம் அந்த நட்பின் அருமையே. இருவரையும் பிரித்து நிறுத்துவதும் பிணைத்து வைத்திருப்பதும் ஒரே பொருளாக இருக்கும் இந்த அமைப்பு வேறு எந்தக் காதல் கதையிலும் இல்லை.

நாற்பத்தொன்பதாம் அத்தியாயத்துத் தோட்டக் காட்சியில் ஆஸ்டின் இதை ஒரே சொல்லில் நிறுத்துகிறார். நைட்லி எதையோ சொல்லத் தொடங்குகிறார். அவர் ஹேரியட்மீது கொண்ட காதலைச் சொல்லப்போகிறார் என்று எண்ணி எம்மா தடுத்துவிடுகிறாள். அவர் மௌனமாகிறார். அவருக்கு வலித்ததைக் கண்டு அவளால் பொறுக்க முடியவில்லை. திரும்பி வந்து, உங்கள் தோழியாக, நீங்கள் சொல்வது எதுவானாலும் கேட்கிறேன் என்கிறாள். தனக்கு நெஞ்சு உடையும் என்று தெரிந்தே கேட்கத் துணிகிறாள். தோழியாகவா என்று அவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார். அந்தச் சொல்லைத்தான் அஞ்சுகிறேன் என்கிறார். ஆயினும், தோழி என்று அவள் திரும்பி வந்திராவிட்டால் அன்று அவர் பேசியே இருக்க மாட்டார்.

இந்தக் காட்சியை வாசிக்கும்போது குறிப்பேட்டை மூடிவிடுங்கள். ஒன்றும் எழுத வேண்டாம்.

ஐந்தாம் படி: அறியும் கணத்தைத் தனியே பாருங்கள்

காதலைச் சொல்லும் காட்சியையே உச்சம் என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கணக்கில் உச்சம் அதற்கு முன்பே, ஒருவருக்குத் தன் மனம் தனக்குத் தெரியவரும் கணத்தில் இருக்கிறது. எம்மாவுக்கு அது நாற்பத்தேழாம் அத்தியாயத்தில் வருகிறது. தான் விரும்புவது நைட்லியை என்று ஹேரியட் சொல்கிறாள். அவருக்கும் தன்மேல் விருப்பம் இருக்கலாம் என்கிறாள். நைட்லி தன்னைத் தவிர யாரையும் மணக்கக் கூடாது என்ற எண்ணம் அம்பின் வேகத்தில் எம்மாவுக்குள் பாய்கிறது.

இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த அறிவு எதனால் வந்தது? இவ்வளவு நாள் அதை மறைத்தது எது? நல்ல நாவலில் இரண்டுக்கும் விடை அந்தப் பாத்திரத்தின் குணத்திலேயே இருக்கும். எம்மா பிறர் மனங்களைத் தன்னால் படிக்க முடியும் என்று நம்பி, ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தவள். ஹேரியட்டை ஊக்கப்படுத்தி, உயரத்தில் இருப்பவரை நினைக்கலாம் என்ற துணிவைக் கொடுத்தவளும் அவளே. அவள் மனத்தை அவளுக்குக் காட்டாமல் மறைத்த அதே குணம் கடைசியில் காட்டியும் கொடுக்கிறது. தற்செயலாக ஒரு கடிதம் கைமாறியோ, யாருக்கோ விபத்து நேர்ந்தோ அது நடக்கவில்லை.

ஆறாம் படி: கனிதலா, நீட்டலா

மெதுவாகப் போகும் கதைகள் எல்லாம் கனியும் கதைகள் அல்ல. வெறுமனே இழுக்கப்பட்ட கதைகள் ஏராளம். இதில் நான் கண்டிப்பானவன். நட்பின் பெயரைச் சொல்லி நானூறு பக்கம் இழுத்த நாவல்களை நானும் வாசித்து ஏமாந்திருக்கிறேன்.

என் சோதனை இது. ஏதேனும் ஐம்பது பக்கங்களை எடுங்கள். அவற்றின் தொடக்கத்தில் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்திருந்ததையும், முடிவில் அறிந்திருப்பதையும் ஒப்பிடுங்கள். ஒன்றும் கூடவில்லை என்றால் அந்த ஐம்பது பக்கம் வெறும் தள்ளிப்போடுதல். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும் தவறான புரிதலை வைத்து நூறு பக்கம் ஓட்டுவதும் அப்படியே. மூன்றாம் ஆள் ஒருவர் பொறாமையைத் தூண்டுவதற்காக மட்டும் வந்து, வேலை முடிந்ததும் காணாமல் போனால் அங்கேயும் ஐயப்படுங்கள். ஃப்ராங்க் சர்ச்சிலுக்கு என்று ஓர் இரகசியமும், ஒரு காதலும், அதில் தவிக்கிற இன்னொரு பெண்ணும் இருக்கிறார்கள். நம் இருவருக்காக மட்டும் அவன் படைக்கப்படவில்லை.

நட்பைக் காட்டாமல், நெடுநாள் நண்பர்கள் என்று அறிவித்துவிட்டு நேரே ஏக்கத்துக்குத் தாவும் நாவல்கள்தான் மிகப் பெரிய ஏமாற்று. அவர்கள் எதைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள், எதில் முரண்பட்டார்கள், ஒருவர் சொல்லாமலே மற்றவர் எதைச் செய்தார் என்பதெல்லாம் கண்முன் நடந்தால்தான் இழக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். காதல் என்ற பேச்சையே எடுத்துவிட்டால்கூட இந்த இருவரின் நட்பைப் பற்றி வாசிப்பேனா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: ஆண்டுகளைக் கடக்கும் கதைக்குப் போங்கள்

‘எம்மா’ ஏறக்குறைய ஓராண்டில் நடக்கும் கதை. அடுத்து, வளரும் வயது முழுவதும் நீளும் ஒன்றை எடுங்கள். கனடிய எழுத்தாளர் எல். எம். மான்ட்கொமரி 1908இல் வெளியிட்ட ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ பலர் சிறுவயதில் வாசித்தது. பள்ளியில் கில்பர்ட் பிளைத் ஆனின் செம்பட்டை முடியைப் பிடித்து ‘கேரட்’ என்று கேலி செய்ய, அவள் தன் கற்பலகையை அவன் தலையில் அடித்து உடைக்கிறாள். மோதாசானார் பாட்டை அறிந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. பிறகு ஒருநாள் குளத்துப் பாலத்தூணைப் பற்றிக்கொண்டு தவிக்கும் அவளை அவன் படகில் ஏற்றிக் காப்பாற்றுகிறான். இனி நண்பர்களாக இருக்கலாமா என்கிறான். ஒரு கணம் அவள் மனம் இளகுகிறது. பழைய அவமானம் நினைவுக்கு வர, மறுத்துவிடுகிறாள். மறுத்த உடனே வருந்துகிறாள்.

நட்பு வருவதற்கே புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ஆகிறது. தன்னை வளர்த்த மரில்லாவைத் தனியே விட முடியாமல் ஊரிலேயே தங்கிவிடும் ஆனுக்காக, கில்பர்ட் தனக்குக் கிடைத்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுக்கொடுக்கிறான். அன்று இருவரும் வாசற்படலருகே நின்று பேசுகிறார்கள். அரை மணி நேரம் நின்று பேசும் அளவுக்கு நீங்கள் நண்பர்களா என்று மரில்லா கேட்கிறாள். அரை மணி நேரமா ஆகிவிட்டது, சில நிமிடங்கள்போல் இருந்ததே என்கிறாள் ஆன். எனக்கு அந்த வாசலில் மரில்லாவின் பக்கத்தில் நிற்பதுபோலவே இருக்கும்.

காதலாக அது கனிவது மூன்றாம் நூலான ‘ஆன் ஆஃப் தி ஐலண்ட்’ நூலில். அது வெளிவந்தது 1915இல். முதல் நூலைப் புதிதாக வாங்கி வாசித்த சிறுமி, விடை தெரியும்போது ஏழு ஆண்டு மூத்தவள். இதிலும் கில்பர்ட் முதலில் கேட்கும்போது ஆன் மறுக்கிறாள்; நண்பர்களாகவே இருக்கலாமே என்கிறாள். உன் நட்பு எனக்குப் போதாது என்று அவன் கசப்போடு விலகுகிறான். அந்தக் கசப்பை மான்ட்கொமரி மறைக்காமல் எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். நட்பு என்பது காதலுக்குச் செலுத்தும் முன்பணம் அல்ல என்பதை அந்த இடம் இருவருக்கும் கற்றுக்கொடுக்கிறது. பின்னால் கில்பர்ட் டைபாய்டு காய்ச்சலில் சாகக் கிடக்கிறான் என்று கேட்டு, புயலடிக்கும் ஓர் இரவு முழுவதும் சன்னலருகே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனை எப்போதுமே காதலித்திருப்பதை ஆன் அறிகிறாள்.

இதை வாசித்தவர்கள் உடனே லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலையும் வாசிக்க வேண்டும். முதல் பகுதி 1868இல் வந்தது. ஜோவும் பக்கத்து வீட்டு லாரியும் உயிர்த்தோழர்கள். இவர்களைச் சேர்த்துவையுங்கள் என்று வாசகிகள் ஆல்காட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். யாரையும் மகிழ்விப்பதற்காக ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1869இல் வந்த இரண்டாம் பகுதியில் லாரி கேட்கிறான், ஜோ மறுக்கிறாள். சிறுவயதில் எனக்கு அது பொறுக்க முடியாத அநீதியாகத் தெரிந்தது. இப்போது, எம்மாவின் சம்மதத்துக்கு மதிப்பைத் தருவது ஜோவின் மறுப்பு என்று எண்ணுகிறேன். எல்லா நட்பும் காதலாகியே தீரும் என்ற விதி இருந்தால், ஆகும்போது மகிழ என்ன இருக்கிறது?

எட்டாம் படி: இன்றைய நாவல் ஒன்று

பழையவற்றில் பழகிய கண்ணோடு 2021இல் வந்த எமிலி ஹென்றியின் ‘பீப்பிள் வி மீட் ஆன் வெகேஷன்’ நாவலை எடுங்கள். பாப்பி, அலெக்ஸ் என்ற இரு நண்பர்கள் ஒவ்வொரு கோடைக்கும் சேர்ந்து பயணம் போகிறவர்கள். இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. இந்தக் கோடைப் பயணமும் பழைய கோடைகளும் மாறி மாறி வருகின்றன. ஆஸ்டின் நேர்கோட்டில் சேர்த்த தடயங்களை ஹென்றி பின்னோக்கித் தோண்டி எடுக்கிறார். அத்தியாயத் தலைப்பில் இருக்கும் காலத்தை வைத்துக் குறிப்பேட்டில் வரிசைப்படுத்திக்கொண்டால், முன்னால் வாசித்த ஒரு மௌனத்துக்குக் காரணம் பிற்பாடு கிடைக்கும். ஆஸ்டினின் செறிவை இதில் எதிர்பார்க்க வேண்டாம். நண்பர்கள் பேசிச் சிரிக்கும் ஓசை இதில் உண்மையாக இருக்கிறது, அதற்காகவே வாசிக்கலாம்.

ஒன்பதாம் படி: முதல் நாவலுக்குத் திரும்புங்கள்

ஓராண்டு கழித்து ‘எம்மா’வை மறுபடி திறங்கள். முன்பே சொன்னேன், முடிவு தெரிவது இழப்பல்ல என்று. நாற்பத்தொன்றாம் அத்தியாயம் அபூர்வமாக நைட்லியின் கண்வழியே செல்வதை இம்முறை கவனிப்பீர்கள். அவர் எவ்வளவு நேரம் எம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும்.

ஆனால் முதல் அத்தியாயத்தை மெதுவாக வாசியுங்கள். எம்மாவின் ஆசிரியைக்கு அன்று திருமணம் முடிந்து, வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தந்தையும் மகளும் தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். நைட்லி வருகிறார். சில நாள் லண்டனில் இருந்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்பி, காலந்தாழ்த்தி உணவு உண்டு, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். லண்டனில் இருக்கும் உறவினர் நலம் என்று சொல்லவே வந்ததாகச் சொல்கிறார். முதல் வாசிப்பில் அது ஒரு பக்கத்து ஊர்க்காரரின் மரியாதை.

பிறகு நாற்பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து, தோட்டத்துக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். ஃப்ராங்க் சர்ச்சிலுக்கு வேறொருத்தியுடன் இரகசிய நிச்சயம் ஆகியிருந்தது என்ற செய்தி லண்டனில் அவருக்குக் கிடைக்கிறது. எம்மா மனம் உடைந்திருப்பாள் என்று அஞ்சி, மழையில் குதிரையேறி ஊர் திரும்புகிறார். உணவு முடிந்ததும் நேரே புறப்பட்டு, அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க, அதே ஒரு மைல் தூரத்தை நடந்து வருகிறார்.